மனசில்லாமல் என்பதற்கு நான் சொன்ன ஆங்கிலம்

முப்பத்திரண்டு வருஷம் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப்பள்ளி. பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் பின்பக்கச் சொற்பட்டியலில் 'ரிலக்டன்ட்லி' என்ற சொல் வரும். மற்ற சொற்களுக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்லி, பிள்ளைகளையும் எழுதச் சொல்வேன். இதற்கு மட்டும் 'விருப்பமில்லாமல்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். வாக்கியம் கேட்டுப் பிள்ளைகள் வற்புறுத்தியதில்லை. ஒரே ஒருத்திதான் எழுந்து அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டாள். அது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவர்களை நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனால் நிலக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். குத்தகைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு, 'சாகுபடியை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன்' என்று ஒரு முச்சலிக்கா எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காகிதம் இல்லாத நிலக்காரர் வீடு அநேகமாகக் கிடையாது.

எங்கள் வீட்டிலும் இருந்தது. எங்களுக்கு இருந்தது மூன்றே ஏக்கர். அதை உழுதவர் அப்பாவைவிட மூத்தவர். கூடத்தில் நின்றபடியே குனிந்து கைநாட்டு வைத்துவிட்டு, மைப்பட்ட பெருவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு போனார். அந்த முச்சலிக்காவை எழுதியது நான்தான். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று அப்பாவுக்குப் பெருமை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், எங்கள் பள்ளிக்கூடத்தில் சப் கலெக்டர் விசாரணை வைத்தார். எங்கள் ஊரில் ஒரு விதவை ஒன்பது மா, ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். நிலம் தஞ்சாவூரில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. அந்த அம்மாவின் கணவர் பாம்பு கடித்து இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் தனியாகச் சாகுபடியை விடாமல் நடத்தினார். அவரிடமும் முச்சலிக்கா வாங்கியிருந்தார்கள். அதைக் காட்டி, பதிவேட்டில் அவர் பெயர் ஏறாமல் மிராசுதார் தடுத்துவிட்டார். விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் அந்த அம்மாவுக்காக மேல்முறையீடு செய்திருந்தார்.

சப் கலெக்டர் வடக்கத்திக்காரர், இளவயது, வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 'வாங்க', 'உக்காருங்க', 'தண்ணி' என்கிற அளவுக்குத்தான் தமிழ். வழக்கமாக மொழிபெயர்க்கிற குமாஸ்தா மிராசுதாருக்குத் தூரத்து உறவு. அது சங்கத்துக்காரருக்குத் தெரிந்துவிட்டது. "அவரு வேணாம். எங்க ஊரு ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் இருக்காங்க. படிச்ச பொண்ணு, நடந்ததை நடந்தபடி சொல்லும்" என்று என் பெயரைச் சொன்னதே அவர்தான். மிராசுதாரின் காரியஸ்தரும் மறுக்கவில்லை. அவர் ஏன் மறுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் அப்பாவுக்கும் பழக்கம் உண்டு.

அன்று காலை நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அப்பா கூடத்திலிருந்தே சொன்னார். "அந்த மிராசுதார் காயிதம் செல்லாதுன்னா நம்ம காயிதமும் செல்லாது. அதை மனசுல வச்சுக்க." வேறொன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லு என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்கவே இல்லை என்பதைப் பல வருஷம் எனக்கே சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு அறைதான் விசாரணைக்கு. சப் கலெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல். காரியஸ்தரும் மிராசுதாரின் வக்கீலும் முன்வரிசை பெஞ்சில். சங்கத்துக்காரர் பின்னால் நின்றார். அந்த அம்மா தன் மகளோடு வந்திருந்தார். மகள் என் வகுப்பு மாணவி. தினமும் உட்கார்கிற அதே மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சப் கலெக்டர் அந்த அம்மாவைப் பார்த்து, "உக்காருங்க" என்றார். அவர் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இருபத்துநாலு வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். ஊரில் அவர் தெருக்காரர்களை எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்.

முச்சலிக்காவைக் காட்டிக் கேட்டேன். "இது நீ வச்ச கைநாட்டா?"

"ஆமாங்க டீச்சரம்மா. எங்கையிதான்."

"யாராவது உன் கையைப் புடிச்சு வச்சாங்களா?"

"கையையெல்லாம் யாரும் புடிக்கலைங்க."

இதை இரண்டையும் ஒழுங்காகவே ஆங்கிலத்தில் சொன்னேன். சப் கலெக்டர் எழுதிக்கொண்டார். அப்படியென்றால் அவராகவே வைத்தாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அந்த அம்மா மகள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்:

"மனசில்லாமத்தாங்க வச்சேன். வான்னு ஆள் விட்டாங்க, போனேன். கூடத்துல நாலு பேரு உக்காந்திருந்தாங்க. வாசக்கதவுகிட்ட ரெண்டு பேரு நின்னாங்க. இந்தப் புள்ளைய வெளிய நிக்க வச்சுட்டுப் போயிருந்தேன். வைக்கமாட்டேன்னு சொல்லிட்டு நான் எப்படிங்க வெளிய வர்றது? வச்சாத்தான் படி தாண்டலாம்னு எனக்குத் தெரியும்ங்க. யாரும் வாயத் தொறந்து சொல்லல. சொல்லணுமாங்க?"

சப் கலெக்டர் சிரித்தபடி, பதில் நீளமாக இருக்கிறதே, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அந்த நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆங்கிலம் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. நாலு பேர், கதவருகே இரண்டு பேர், வெளியே நின்ற பெண்பிள்ளை எல்லாம் எளிய சொற்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளை மொழிபெயர்த்துவிடும். நான் காரியஸ்தரைப் பார்த்தேன். அவர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கூடத்திலிருந்து பேசியது காதில் கேட்டது. நான் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சொன்னேன்: யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை, கைநாட்டை அவர் ரிலக்டன்ட்லி வைத்ததாகச் சொல்கிறார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அதுதான் அதன் கெட்டித்தனம்.

சப் கலெக்டர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். 'மனசு' என்கிற சொல்லை அவர் பிடித்துவைத்திருந்தார். மனசு இல்லாமல் என்றால் மனதே இல்லாமல் என்று ஆகிறதே, அது இன்னும் பலமான வார்த்தை இல்லையா என்று என்னிடம் கேட்டார். நல்ல மனிதர். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"இல்லை சார். சாதாரணப் பேச்சு வழக்கு. தயக்கத்தோடு என்றுதான் அர்த்தம்" என்றேன்.

தயக்கம் இருந்தது, ஆனாலும் செய்தார், அப்படித்தானே என்றார்.

"ஆமாம் சார்."

தமிழில் 'மனசில்லாமல்' என்பதை எதற்கும் சொல்வோம். கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் வாங்கிக்கொள்கிறவரும் மனசில்லாமல்தான் வாங்கிக்கொண்டேன் என்பார். கதவை மறித்து ஆள் நிற்கும்போது கைநாட்டு வைத்தவரும் அதையே சொல்வார். யார் எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்பதை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அவ்வளவு அகலம் இல்லை. அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு சம்மதம் இருக்கும். ரிலக்டன்ட்லி ஒப்புக்கொண்டான், ரிலக்டன்ட்லி கிளம்பினாள், ரிலக்டன்ட்லி கொடுத்தார். விருப்பம் குறைவு, ஆனால் முடிவு அவனுடையது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லவே வழியில்லாதவருக்கு அந்தச் சொல்லைப் போடக்கூடாது. கல்லூரியில் எங்கள் பேராசிரியை இந்த வித்தியாசத்துக்காகவே எனக்கு ஒரு தடவை மதிப்பெண் குறைத்திருக்கிறார். தெரிந்துதான் போட்டேன்.

பின்னால் நின்ற சங்கத்துக்காரருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் நீளம் குறைந்தது அவருக்குத் தெரிந்தது. இரண்டடி முன்னால் வந்தார்.

"டீச்சர், அந்தம்மா சொன்னதை முழுசா சொல்லிட்டீங்களா? கதவுகிட்ட ஆளு நின்னதைச் சொன்னீங்களா?"

"சாராம்சமா சொல்லிட்டேங்க" என்றேன்.

அவர் என்ன கேட்கிறார் என்றார் சப் கலெக்டர். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேனா என்று கேட்கிறார், மொழிபெயர்த்துவிட்டேன் என்றேன். இது பொய். முதல் வாக்கியத்தில் பொய் இல்லாமல் பார்த்துக்கொண்டவளுக்கு இரண்டாவது வாக்கியத்தில் அது சிரமமே இல்லாமல் வந்துவிட்டது.

சங்கத்துக்காரர் தலையாட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

தை பிறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்தது. தயக்கத்துடன் என்றாலும் தானாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார், முச்சலிக்கா செல்லும். அந்த வயலில் அப்போது சம்பா முற்றி நின்றது. நடவு நட்டது, களை பறித்தது எல்லாம் அந்த அம்மா. அறுப்புக்கு வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கினார்கள். வரப்பில் போலீஸ்காரர்கள் ஆறேழு பேர் நின்றார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி வாய்க்கால் கரையோரம். அந்த வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அம்மா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, திட்டவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து வழி விட்டு ஒதுங்கினார். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயிலே இல்லை.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்பில் அவருடைய மகள் எழுந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, அதிகம் பேசமாட்டாள்.

"டீச்சர், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்."

"கேளு."

"ரிலக்டன்ட்லி."

அவள் அதைச் சரியாக உச்சரித்தாள். எங்கேயோ உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

"விருப்பமில்லாமல்" என்றேன்.

"தீர்ப்புல அது இருக்கு டீச்சர். சங்கத்து மாமா படிச்சுக் காட்டினாங்க. நீங்க சொன்னதா எழுதியிருக்காம். விருப்பமில்லாமன்னுதான் அர்த்தம்னா, எங்கம்மாவுக்கு விருப்பமில்லைன்னு அந்த சாருக்குத் தெரிஞ்சிருக்குல்ல? தெரிஞ்சும் ஏன் டீச்சர் நெலத்தை எடுத்தாங்க?"

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேலி செய்யவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் என்னிடம் கேட்டாள்.

"பாடத்துல இல்லாததைக் கேக்காத. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். வருஷம் முடிகிறவரை என் வகுப்பில் அவள் வேறு எதையும் கேட்கவில்லை. பரீட்சையில் ஆங்கிலத்தில் அவள்தான் முதலாக வந்தாள்.

தீர்ப்பு வந்த சில நாளிலேயே சங்கத்துக்காரர் என்னைத் தேடி ஒரு தடவை வந்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். கோபமாக வந்திருப்பார் என்று பயந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தப்பு சொல்ல வரலைங்க டீச்சர். அவசரத்துல சுருக்கிச் சொல்லியிருப்பீங்க. மேல போக ஒரு மாசம் கெடு இருக்கு. அந்தம்மா சொன்னது இன்னது, நான் சுருக்கமாத்தான் சொன்னேன்னு நீங்க ஒரு காயிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். உங்க மேல ஒன்னும் வராம வக்கீல் பாத்துக்குவாரு."

"யோசிச்சுச் சொல்றேங்க."

"நல்லா யோசிங்க. நான் அடுத்த வாரம் வர்றேன்."

வீட்டில் உட்கார்ந்து எழுதவும் எழுதினேன். ஒரு பக்கம். அந்த அம்மா சொன்னது ஒரு வரி விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பா வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நீ அன்னைக்குச் சொன்னது பொய்யா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இது?" என்றார். காகிதத்தை அவர் பிடுங்கவில்லை, கிழிக்கவில்லை. நான்தான் நாலாக மடித்து அகராதிக்குள் வைத்தேன். சங்கத்துக்காரர் அடுத்த வாரம் வந்தபோது தலைவலி என்று லீவு போட்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் வந்தபோது, இன்னும் யோசிக்கவில்லை என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று சைக்கிளில் ஏறினார். கெடு முடிந்துபோனது.

எங்கள் மூன்று ஏக்கரின் குத்தகைக்காரர் மேல்முறையீட்டுக்கே போகவில்லை. அந்தத் தீர்ப்பைக் கேட்ட பிறகு அக்கம்பக்கத்தில் யாரும் போகவில்லை. நிலம் எங்களிடமே தங்கியது. அப்பா இறந்த பிறகு தம்பி பார்த்துக்கொள்கிறான். அறுப்பு முடிந்ததும் எனக்கு இரண்டு மூட்டை நெல் அனுப்புவான். அதைத்தான் அரைத்துச் சாப்பிடுகிறேன். வேண்டாம் என்று ஒரு தடவையும் நான் சொன்னதில்லை.

அந்த அம்மா அதே ஒன்பது மாவில் கூலிக்கு நடவு நட்டார். சில வருஷத்தில் மகள் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போனதும் இருவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவர்கள் பேராவூரணிப் பக்கம் இருப்பதாக ஒரு பழைய மாணவி சொன்னாள். பஸ் ஏறிப் போனேன். தென்னந்தோப்புக்கு நடுவில் சின்ன மாடி வீடு. மகள் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகியிருந்தாள். கதவைத் திறந்தவள் ஒரு நொடி அடையாளம் தெரியாமல் நின்று, பிறகு "வாங்க டீச்சர்" என்றாள். அவளுக்கே நரைத்திருந்தது.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பார்வை மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்டது. நான் யாரென்று மகள் சொன்னாள். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, எதை விட்டேன், எதற்காக விட்டேன், சங்கத்துக்காரரை எப்படி அலைக்கழித்தேன். முதல் தடவையாக அவரை 'நீங்க' என்று பேசினேன். சொல்லி முடிக்கிறவரை அவர் கை கீரையில்தான் இருந்தது.

"இங்கிலீசுல நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு எங்கங்க தெரியும்?" என்றார் கடைசியில். "ஆனா நான் பேசி முடிச்சதும் நீங்க என் மூஞ்சியப் பாக்கல. காரியக்காரரப் பாத்தீங்க. அப்பவே நெனச்சேன், நெலம் போச்சுன்னு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"யார்ட்டங்க சொல்றது? நான் சொல்றதை அந்த ஐயாகிட்டச் சொல்ல வேண்டிய ஆளே நீங்கதானே."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கேட்டால் அவர் பெரிய மனது பண்ணி, சரிங்க என்று சொல்லிவிடுவார் என்று திடீரென்று பட்டது. வீடு தேடி வந்தவளுக்கு வேறு என்ன சொல்ல முடியும்? அதையும் அவர் மனசில்லாமல் கொடுக்க, வாங்கிக்கொண்டு வர எனக்குத் துணிவில்லை. கேட்காமலே எழுந்தேன்.

"சாப்பிட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. மகள் உள்ளே போய் இலை நறுக்கிக்கொண்டு வந்தாள். கீரைப் பொரியலும் ரசமும் போட்டாள். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

பஸ் நிறுத்தம் வரை மகள் கூட வந்தாள். வழியில் ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"சங்கத்து மாமா இறந்துட்டாங்க டீச்சர், தெரியுமா? கடைசி வரைக்கும் உங்கள ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. அந்தப் பொண்ணுக்கு என்ன நெருக்கடியோன்னுதான் சொல்லுவாங்க."

பட்டுக்கோட்டை பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கையசைக்கவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டதுபோல, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தாள்.